ஆவுடையக்கா உம் கொட்டிய பாட்டில்

ஆவுடையக்கா செத்துப் பதினோராம் நாள், காலை பத்தே கால் மணிக்கு, ஊருக்கு மேற்கே பழைய பஞ்சு மில் கட்டடத்தில் நடந்துவரும் உயிரணு ஆராய்ச்சிக்கூடத்தில், டாக்டர் ஃபர்ஸானா கையுறை மாட்டிக்கொண்டு, உள்ளங்கை அகலமுள்ள தட்டையான பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து பழைய மீடியாவை உறிஞ்சி எடுத்துவிட்டு, செல்களுக்குச் சாப்பாடான அந்த ரோஸ் கலர் நீரைப் புதிதாக ஊற்றிக்கொண்டே, கடையநல்லூரில் இருக்கும் தன் உம்மா இரண்டு வாரமாகப் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று தனக்குத்தானே சொன்னபோது, பாட்டிலுக்குள்ளிருந்து ஆவுடையக்கா "ம்" என்றாள்.

பாட்டிலைக் கீழே போட்டிருக்கலாம், அலறியடித்துக்கொண்டு ஓடியிருக்கலாம், ஆனால் ஃபர்ஸானா இரண்டும் செய்யவில்லை, ஏனென்றால் அந்த 'ம்'மைக் கேட்டவருக்கு அடுத்த வாக்கியம் தானாக வாயில் வந்துவிடும். உம்மாவுக்கு ஏன் கோபம், சொந்தத்தில் நடந்த கல்யாணத்துக்குத் தான் ஏன் போகவில்லை, போகாததற்கு வேலையைச் சாக்காகச் சொன்னது எவ்வளவு தூரம் உண்மை என்று முக்கால் மணி நேரம் சொல்லித் தீர்த்தாள். பாட்டில் இடைவெளி பார்த்து, ஒன்றைக்கூடத் தவறவிடாமல், உம் கொட்டியது. பிறகு அவள் மூடியைத் திருகி, பாட்டிலை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, முதலில் உம்மாவுக்கும் அப்புறம் ஆவுடையக்காவின் வீட்டுக்காரருக்கும் போன் போட்டாள்.

இதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவன், ஆவுடை ஜெராக்ஸ் எனக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு ரோடு மட்டும்தான். ஜெராக்ஸ் கடைக்குச் சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. வாரிசுச் சான்றிதழ், பட்டா தகராறு, விவாகரத்து நோட்டீஸ், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று எதையாவது தூக்கிக்கொண்டுதான் வருவார்கள், மெஷின் பச்சை வெளிச்சத்தை இழுத்து இழுத்துக் காட்டும் அந்த ஒரு நிமிஷத்தில் வாய் திறந்துவிடுவார்கள், அக்கா பேப்பரைப் பார்த்தபடியே "ம்" என்பாள். ஆறுதல் சொல்ல மாட்டாள், புத்திமதி சொல்லவே மாட்டாள். நல்ல மனு எழுத வேண்டுமானால் முதலில் அக்கா கடையில் ஒரு காப்பி எடுத்துவிட்டு வாருங்கள் என்று நானே ஆட்களை அனுப்பியிருக்கிறேன், ஏனென்றால் அங்கே அழுது முடித்து வருகிறவர்களுக்குத்தான் தேதியும் சர்வே நம்பரும் ஞாபகம் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயம் எங்கள் ரோட்டுக்கே தெரியும். யாராவது சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்காவின் 'ம்' நின்றுவிட்டது என்றால், அவள் மேஜைக்கு அடியில் காலால் செருப்பைத் தேடுகிறாள் என்று அர்த்தம். கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, கூடப் போக வேண்டிய துன்பம் என்று அவளுக்குப் பட்டுவிட்டால் அப்புறம் சத்தமே வராது. புருஷன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே தள்ளிய பெண்ணோடு அப்படித்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள், பென்ஷன் நின்றுபோன பெரியவரோடு அப்படித்தான் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தால், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் யாருக்கோ விடிந்தது என்று சொல்லிக்கொண்டு டீக்கடையில் காத்திருப்பார்கள்.

வீட்டுக்காரர் பிரமநாயகம் மெஷின் மெக்கானிக். நாலு தாலுகாவில் எந்த ஜெராக்ஸ் மெஷின் மக்கர் செய்தாலும் அவர்தான் போக வேண்டும், மற்ற நேரம் கடைக்குள்ளேயே ஏதாவது மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். பிள்ளைகள் இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் அவர் அக்காவிடம் பேசியதை மொத்தமாக எழுதினாலும் ஒரு மனுவுக்குக் காணாது. டோனர் தீந்துட்டு, ரோலர் மாத்தணும், சாப்பிடுவமா, அவ்வளவுதான். ஊர் முழுக்க அவளிடம் கொட்டித் தீர்த்தது, கூடவே இருந்த மனுஷன் மட்டும் கொட்டவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அவர் மில்லுக்குப் போனார். தலைக்கு உறை, காலுக்கு உறை மாட்டி உள்ளே கூட்டிப்போன ஃபர்ஸானா, அவரை மைக்ராஸ்கோப்பில் குனியச் சொன்னாள். பாட்டிலின் அடியில் சின்னச் சின்ன உடம்புகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, மேலே ஏறிக்கொண்டு, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற கூட்டமாகக் கிடந்தன.

"சினைப்பையில இருந்து எடுத்த கட்டிதான் அண்ணாச்சி. ஆபரேஷன் அன்னைக்கு, ஆராய்ச்சிக்கு வச்சுக்கிடுங்கன்னு அக்காவே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு முழு உடம்பு செய்யுறதுக்கான குறிப்பு இருக்கு. ரெண்டா பிரியுறதுக்கு முன்னால அந்தக் குறிப்ப அப்படியே ஒரு காப்பி எடுக்கும்."

"அப்ப மெஷின்தான்னு சொல்லுங்க."

"மெஷின்தான். நல்ல செல்லு பக்கத்துச் செல்லத் தொட்டதும், இடம் முடிஞ்சுட்டுன்னு நின்னுக்கும். இதுக்கு நிக்கத் தெரியல. கெட்டுப்போன செல்லு தன்னத்தானே முடிச்சுக்கிடணும், அதுக்கும் உள்ள ஒரு ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாடும் இதுல வேல செய்யல."

பிரமநாயகம் தலையை நிமிர்த்தாமலே தலையாட்டினார். ஸ்டாப் பட்டனுக்குப் போகிற ஒயர் அறுந்து, தாள் தீருகிறவரை அடித்துத் தள்ளும் மெஷினை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். அப்புறம் கேட்டார்: "டாக்டரம்மா, இது அவளா, அவளக் கொன்னதா?"

"ரெண்டும்தான் அண்ணாச்சி," என்றாள் ஃபர்ஸானா. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

அவர் பாட்டில் பக்கம் திரும்பி, "கடையில பெரிய மெஷினுக்கு டோனர் தீந்துட்டு" என்றார்.

"ம்" என்றது பாட்டில். அவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் பெரிய பிரச்சினை வேறு. பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, சமையலுக்கு ஆள் பேசியாகிவிட்டது, இப்போது காரியம் செய்து வைக்கிற கிட்டு வாத்தியார் எள்ளைத் தொட மாட்டேன் என்கிறார். "ஓய், அந்தப் பொம்மனாட்டி ஒரு பாட்டில்ல உயிரோட உக்காந்து ம் சொல்லிண்டிருக்கா, நான் இங்க அவளுக்கு எள்ளும் ஜலமும் விடறதா? நாளைக்கு நான் போய் ஏதாவது சொன்னா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றார். மூஞ்சி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு என்னை முறைத்தார். அவரும் இரண்டு நாள் கழித்து மில்லுக்குப் போய், மாப்பிள்ளையைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்தார் என்பது வேறு கதை. காரியம் தள்ளிப்போனது. இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்ட நகராட்சிக்காரர், அதை ரத்து செய்யலாமா என்று நேரில் பார்க்கப் போனார், போன இடத்தில் தன் டிரான்ஸ்ஃபர் வயிற்றெரிச்சலைப் பாட்டிலிடம் சொல்லி முடிக்கவே சாயங்காலமாகிவிட்டது, சான்றிதழை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

இப்படியாக ஜனங்கள் மில்லுக்குப் போகத் தொடங்கினார்கள். ஃபர்ஸானா முதலில் தடுத்துப் பார்த்தாள், அப்புறம் புதனும் சனியும் மத்தியானம் என்று போர்டு எழுதி வைத்தாள், ஏனென்றால் யாரும் பேசாத வாரத்தில் செல்கள் அடியைவிட்டுக் கிளம்பி மிதந்தன, பேச ஆள் வந்த வாரத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. செருப்பை வெளியே விட வேண்டும், கையில் ஸ்பிரிட் தடவ வேண்டும், பூ கொண்டுவரக் கூடாது, பூவிலிருந்து பூஞ்சை வந்தால் அக்காவுக்கு ஆகாது. பிச்சிப்பூ வாங்கி வந்த பெண்கள் அதை வாட்ச்மேனின் சைக்கிளில் சுற்றிவிட்டுப் போனார்கள், புதனும் சனியும் அந்த சைக்கிள் கல்யாண வீட்டுக் கார் போல நிற்கும்.

செல்கள் பெருகி ஒரு பாட்டில் நாலாயிற்று, நாலு நாற்பதாயிற்று. நாற்பதும் ஒன்றாகத்தான் உம் கொட்டின, ஆனாலும் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பாட்டில் வைத்துக்கொண்டார்கள், எனக்கு ஜன்னலோரம் மூன்றாவது. நான் அதனிடம் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு வேண்டாம். ஹைதராபாத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் கேட்டதென்று இரண்டு பாட்டில் அனுப்பினார்கள், அங்கே தெலுங்குக்கும் அக்கா ம் சொல்கிறாளாம், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும். கொஞ்சத்தைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, புகை கக்கும் குளிர்த் தொட்டிக்குள் உறைய வைத்தாள் ஃபர்ஸானா. உறைந்தவை பேசாது. எடுத்துச் சூடாக்கினால் முதல் 'ம்' கொஞ்சம் இழுத்து வரும், நான் இல்லாதப்போ என்ன நடந்துச்சு என்று கேட்கிற மாதிரி.

ஆனால் தினமும் போனது பிரமநாயகம் ஒருவர்தான். மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். டோனரில் தொடங்கியவர் மெல்ல மெல்ல, கல்யாணமான புதிதில் அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போய்விட்டுக் கூப்பிட வாய் வராமல் திரும்பியதை, பிள்ளை இல்லாததற்கு டாக்டர் தன்னைத்தான் காரணம் சொன்னார் என்பதை அவளிடம் மறைத்ததை, அவள் தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கும் சொதியைப் பற்றி ஒருநாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாததை, ஒவ்வொன்றாக, வருஷவாரியாக, சொல்லிக்கொண்டு போனார். பாட்டில் எல்லாவற்றுக்கும் உம் கொட்டியது. பாவி மனுஷன், அவள் இருந்தபோது வாயைத் திறக்காமல், செத்தபிறகு பெண்டாட்டியைக் காதலிக்க ஆரம்பித்தார். அவர் முகத்தில் ரத்தம் ஓடியதை அந்த மாதங்களில்தான் நான் பார்த்தேன்.

அப்போதுதான் இசக்கியம்மாளுக்கு வயிறு வீங்கியது. ஒன்பது வருஷம் அக்காவுக்குக் கூடமாட இருந்து, இப்போது கடையைத் தனியே பார்த்துக்கொண்டிருந்தவள், முப்பத்து நாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள். ரிப்போர்ட்டை அவள் கடையிலேயே ஒரு காப்பி எடுத்துக்கொண்டு போய் ஃபர்ஸானாவிடம் கொடுத்தாள். அக்காவுக்கு வந்த அதே இடம், அதே வகை. இருக்கிற மருந்து கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தும், அப்புறம் தாங்காது.

ஃபர்ஸானாவிடம் பதினேழாம் நம்பர் என்று ஒரு மருந்து இருந்தது. நிற்க மறந்த செல்லுக்கு நிற்கவும், தன்னைத்தானே முடித்துக்கொள்ளவும் ஞாபகப்படுத்துவதுதான் அதன் வேலை. மனுஷர் உடம்பில் ஏற்றுவதற்கு முன்னால் அதே நோயுள்ள செல்லில் ஊற்றிப் பார்க்க வேண்டும், எவ்வளவு ஊற்றினால் என்ன ஆகிறது, எத்தனை நாளில் ஆகிறது என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், அப்புறம் எலி, அப்புறம்தான் ஆள். அந்த வகைச் செல் ஆவுடையக்காவைவிட்டால் வேறு எங்கேயும் இவ்வளவு நன்றாக வளரவில்லை. மருந்து நல்ல மருந்து என்றால் பாட்டிலில் ஒன்றும் மிஞ்சாது.

"அக்கா கையெழுத்து எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி. உங்களக் கேக்கணும்னு சட்டம் இல்ல," என்றாள் பிரமநாயகத்திடம். "ஆனா ம் சொல்லுற பாட்டில்ல ஊத்த எனக்குக் கை வரல."

"எத்தன பாட்டில்ல?"

"எல்லாத்துலயும் வேணும். பத்தலன்னா குளிர்ல வச்ச குப்பியயும் எடுக்கணும்."

"வேல செஞ்சா நின்னுரும்."

"நின்னுரும் அண்ணாச்சி."

நாலு நாள் அவர் மில் பக்கம் போகவில்லை, கடைப் பக்கமும் வரவில்லை. டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்து வாய்ச்சண்டை போட்டது. ஐந்தாம் நாள் காலையில் இசக்கியே, முடி கொட்டிய தலையில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"அண்ணாச்சி, நீங்க பேசுதத நான் ஒருநா கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டேன். தப்புதான்," என்றாள். "இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் ரெண்டு பேரும் பேசிக்கிடுதீங்க. அக்காவ விட்டுராதீங்க. எனக்கு வேற ஏதாச்சும் மருந்து பாப்பாங்க."

வேறு மருந்து இல்லை என்று அவளுக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன், ஃபர்ஸானா எனக்குப் பின்னால். முதலில் மழை வரும்போல இருக்கிறது என்றார், பாட்டில் ம் என்றது. பெரிய மெஷினுக்கு டிரம் மாற்றிவிட்டேன் என்றார், ம் என்றது. நாலு நாளாக உன்னிடம் பேசாமல் சோறு இறங்கவில்லை என்றார், அதற்கும் ம் என்றது. அப்புறம் அவர், "நம்ம இசக்கிக்கு ஒனக்கு வந்ததே வந்திருக்கு. ரெண்டு பொட்டப் புள்ளய இருக்கு. பெரியவ ஆறாப்பு" என்றார்.

பாட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார். நாற்பது பாட்டிலிலும் சத்தமில்லை, என் மூன்றாவது பாட்டிலிலும் இல்லை, பெட்டிக்குள் விசிறி ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பத்து நிமிஷத்தில் ஹைதராபாத்திலிருந்து போன் வந்தது, மூன்றே கால் மணியிலிருந்து அங்கேயும் ம் இல்லையாம், நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார்கள். பிரமநாயகம் மெல்லக் குனிந்து, இருபத்தொன்பது வருஷப் பழக்கத்தில், அந்த வெள்ளை மேஜைக்கு அடியில் பார்த்தார். பார்த்தவுடனே எனக்கும் புரிந்துவிட்டது, என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எந்திச்சுட்டா," என்றார் ஃபர்ஸானாவிடம். "ஊத்துங்கம்மா. அவ கிளம்பிட்டா. நான் வழிய மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு, தலைக்கு மாட்டிய உறையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளையாட்டம் ஏங்கி ஏங்கி அழுதார். ஃபர்ஸானா அவர் தோளில் கை வைத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் வைத்தாள்.

பதினேழாம் நம்பர் வேலை செய்தது. மைக்ராஸ்கோப்பில் நானும் பார்த்தேன், முண்டியடித்த கூட்டம் நின்று, உருண்டு, ஒவ்வொன்றாக அடியைவிட்டுக் கழன்று போனது. உறைய வைத்த குப்பிகளில் சிலவற்றை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள், தின்றன, பிரிந்தன, பெருகின, ஆனால் என்ன சொன்னாலும் அவை ம் சொல்லவில்லை, வெறும் செல்கள். ஜனங்கள் வருவது நின்றது, வாட்ச்மேனின் சைக்கிள் மொட்டையாக நின்றது. பிரமநாயகம் மட்டும் புதன்கிழமை புதன்கிழமை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். பதில்தான் வரவில்லையே என்று கேட்டேன். "வராட்டா என்ன, எனக்குப் பேசிப் பழகிட்டுல்லா" என்றார்.

இப்போதாவது காரியத்தை முடித்துவிடலாமே என்று கிட்டு வாத்தியார் வந்து கேட்டார். "போன வேல முடியட்டும் சாமி," என்று சொல்லி அனுப்பிவிட்டார் பிரமநாயகம்.

வேலை சுளுவில் முடியவில்லை. எலிகளில் ஒரு வருஷம், அனுமதிக்கு எட்டு மாதம், அதுவரை இசக்கியைப் பழைய மருந்து எப்படியோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஷட்டர் பாதி இறங்கியே கிடந்தது, பிரமநாயகம் உள்ளே காப்பி எடுத்துக் கொடுத்தார். மருந்து ஏற்றிய முதல் பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்தி. எல்லோருக்கும் மருந்து கேட்டது என்று நான் பொய் எழுத மாட்டேன், ஐந்து பேருக்குக் கேட்கவில்லை, அவர்கள் பெயரெல்லாம் ஃபர்ஸானா தன் மேஜைக்கு முன்னால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். இசக்கிக்குக் கேட்டது. பாட்டிலில் மருந்து ஊற்றியதிலிருந்து மூன்றாவது ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டை எங்கள் ரோட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு காப்பி எடுத்துக் கொடுத்தாள். என்னுடையது என் பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது.

ஆவுடையக்காவின் பதினாறாம் நாள், அவள் செத்து மூன்று வருஷமும் நாலு மாதமும் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. ஃபர்ஸானா தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நகராட்சிக்காரர் டிரான்ஸ்ஃபராகிப் போன ஊரிலிருந்து லீவு போட்டு வந்தார். இசக்கி, காதுவரை வளர்ந்திருந்த புதுமுடியில் பூ வைத்துக்கொண்டு, சொதி பரிமாற இலைக்கு இலை குனிந்தாள். கிட்டு வாத்தியார் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, தானத்துக்கு வாங்கி வைத்திருந்தவற்றைச் சரிபார்த்தார். இறந்தவர் போகிற வழிக்கு உதவும் என்று கொடுக்கிற பொருட்கள், குடை இருந்தது, சொம்பு இருந்தது, வேட்டி இருந்தது, விசிறி இருந்தது.

"செருப்பு எங்கே ஓய்? வழி பூரா கல்லும் முள்ளுமா இருக்கும், செருப்பு குடுக்காம எப்படி?" என்றார் வாத்தியார்.

பிரமநாயகம் பந்தியில் நின்ற இசக்கியைப் பார்த்தார். அப்புறம் வாத்தியாரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நன்றாக வாயைத் திறந்தே சொன்னார்.

"செருப்பு வேண்டாம் சாமி. அவ போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கா."